மசக்கைக்காரியின் மூக்கு

தொண்ணூறுகளின் நடுவில், கோவை கணபதியில் நாங்கள் குடியிருந்த சமயம். தலைச்சன் பிள்ளை, எனக்கு நான்காம் மாதம். மசக்கை பாடாய்ப் படுத்தியது. காபி வாசம், தாளிக்கிற வாசம், மாமனாரின் விபூதி வாசம்கூட ஆகாது. மூக்கைப் பொத்திக்கொண்டே திரிந்ததால் வீட்டில் எல்லோரும் என்னைக் கேலி செய்வார்கள்.

எங்களிடம் ஒரு பழைய கார் இருந்தது. வெயிலில் இன்ஜின் சூடேறினால், பெட்ரோல் இழுக்கும் பம்ப் மக்கர் பண்ணி நடுரோட்டில் நின்றுவிடும். என் கணவர் இறங்கி, பம்பின்மேல் ஈரத்துணி சுற்றிவிட்டுக் காத்திருப்பார். "ஆஸ்பத்திரிக்குப் போறப்ப நின்னா, துணிய பம்புக்குச் சுத்துவீங்களா, பொறக்கற கொழந்தைக்குச் சுத்துவீங்களா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். அடுத்த வாரமே மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைத்தார்.

மெக்கானிக் பெட்ரோல் டேங்க் பக்கத்தில் எலெக்ட்ரிக் பம்ப் வைத்து, அங்கிருந்து இன்ஜின்வரை புது டியூப் இழுத்தார். பூஜை போடாமல் வண்டியை வெளியே எடுப்போமா? காரைக் கழுவி, பொட்டு வைத்து, முன் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். மெக்கானிக் சாவியைத் திருப்பினார். இன்ஜின் ஓடாமலே பம்ப் மட்டும் டக் டக்கென்று அடித்தது. மாமனார் தட்டில் சூடத்தை வைத்துத் தீப்பெட்டியை எடுத்தார்.

நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். "மாமா, பெட்ரோல் நாத்தம் அடிக்குதுங்க" என்றேன்.

"புது வேலைங்க அம்மணி, கொஞ்சம் வாசம் இருக்குமுங்க" என்றார் மெக்கானிக்.

"உனக்கு எதுதான் நாறாம இருக்குது கண்ணு?" என்று மாமியார் சிரித்தார். ராகு காலம் வந்துவிடுமென்று மாமனாருக்கு அவசரம்.

எனக்கே சந்தேகம்தான். காலையில் விபூதி வாசத்துக்கு வாந்தி எடுத்தவள் ஆயிற்றே! ஆனாலும் இந்த வாசம் தரையிலிருந்து வந்தது. எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, மாமனார் கையிலிருந்த தீப்பெட்டியைப் பிடுங்கி, கார் கழுவிய பக்கெட் தண்ணீரில் போட்டுவிட்டேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

என் கணவர் மட்டும் குனிந்து, காருக்கு அடியில் தரையைத் தொட்டு விரலை முகர்ந்தார். "சாவிய ஆஃப் பண்ணுங்க!" என்று கத்தினார். டேங்க் பக்கம் டியூபில் ஒரு கிளிப் சரியாக இறுகவில்லை. பம்ப் அடிக்க அடிக்கப் பெட்ரோல் கசிந்து, சரிவில் ஓடி, எலுமிச்சம்பழம்வரை வந்திருந்தது. கழுவிய ஈரத்தோடு ஈரமாகக் கிடந்ததால் யார் கண்ணிலும் படவில்லை.

மாமியார் என் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நின்றார். கிளிப்பை இறுக்கி, தரையைக் கழுவிக் காயவிட்டு, மறுநாள்தான் பூஜை போட்டோம். அதுவும் காரைவிட்டுத் தள்ளி, தெருவாசலில். "நீயே பத்த வெய்யி கண்ணு" என்று மாமனார் புதுத் தீப்பெட்டியை என்னிடம் நீட்டினார்.

அந்தக் கார் அப்புறம் வழியில் நிற்கவே இல்லை. வலி எடுத்த அன்று என்னை ஒரே மூச்சில் ஆஸ்பத்திரியில் சேர்த்தது. அன்று பிறந்தவள் இப்போது சொந்தமாகக் கார் வைத்திருக்கிறாள். ஆயுத பூஜைக்கு, "அம்மா, மொதல்ல நீ மோந்து பாரு" என்று அவளும் கேலி செய்வாள். செய்யட்டும், வீடே சிரித்தாலும் நான் நன்றாக முகர்ந்து பார்த்த பிறகுதான் தீப்பெட்டி என் கையைவிட்டுப் போகும்.