துபாய் வீட்டுக்கு நான் கேட்ட கேள்வி

தேனியில் எனக்கு ஒரே காம்பவுண்டில் நாலு வாடகை வீடு. குடிவருகிறவர்களிடம் என்ன சாதி என்று ஒருநாளும் கேட்டதில்லை. அது அநாகரிகமாம்! குலசாமி எங்கே என்று கேட்பேன். கோயிலைச் சொன்னால் ஆள் தெரிந்துவிடும். பிடிக்காவிட்டால், "தம்பி மகனுக்குச் சொல்லிட்டேனே" என்று சிரித்தபடியே அனுப்பிவிடுவேன். இதை நாசூக்கு என்று பெருமைப்பட்டுக்கொண்டு இருபது வருஷம் ஓட்டிவிட்டேன்.

வாடகை ருசி கண்டவன் சும்மா இருப்பானா? துபாயிலும் ஒரு ஃபிளாட் வாங்கிப் போட்டேன். நேரில் போய்ப் பார்த்ததுகூட இல்லை. ஆள் பிடித்து வாடகைக்கு விடுவதெல்லாம் அங்கே இருக்கும் குமுளிக்காரர் ஒருவர், புரோக்கர்.

போன வருஷம் ஒரு காலையில் அவர் கூப்பிட்டார்.

"சாரே, நல்ல பார்ட்டி. ஆஸ்பத்திரியில நர்ஸ். உங்க பக்கந்தான், கெங்குவார்பட்டி. ஒரே ரூமுல ஆறு பேரோட கஷ்டப்படுறாங்க. வீடு கிடைச்சா அம்மாவைக் கூட்டிட்டு வந்துருவாங்க. சரின்னு சொன்னா இப்பவே சாவி கொடுத்துடுறேன்."

சரி என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். ஊர்ப் பேரைக் கேட்டதும் வாய் சும்மா இருக்கவில்லை.

"நம்ம பக்கமா? அப்ப குலசாமி எங்கனன்னு கேளுங்க."

பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "ஏங்க, துபாயிலயுமா?"

அந்த முனையில் போன் ஸ்பீக்கரில் இருந்திருக்கிறது. அந்தப் பெண்ணே பேசினாள். குரலில் கோபமே இல்லை.

"அய்யா, நீங்க என்ன கேக்குறீகன்னு தெரியுது. எங்கம்மா தேனியில வீடு தேடுனப்பவும் வீட்டுக்காரக இதையேதான் கேட்டாக. வேற கோயிலைச் சொல்லும்மான்னேன். குலசாமியை மறைச்சு ஒரு வீடு வேணுமா ஆத்தான்னு அம்மா கேட்டாக. எனக்கும் வேணாங்கய்யா."

மன்னிச்சிரும்மா என்று ஒரு வார்த்தை வரவில்லை. "லைன் சரியாக் கேக்கல" என்று சொல்லித் துண்டித்தேன். சீ! எல்லாம் கணீரென்று கேட்டது. மனைவி கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்று முழுக்க அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது.

சாயங்காலம் புரோக்கரைக் கூப்பிட்டு, குலசாமியெல்லாம் இனி கேட்க மாட்டேன், வீட்டை அந்தப் பெண்ணுக்கே கொடுத்துவிடுங்கள் என்றேன்.

"அவங்க அப்பவே போயாச்சு சாரே. நம்பர் தர்றேன், நீங்களே பேசுங்க" என்றார்.

நம்பர் இன்னும் என் போனில் இருக்கிறது. பேச வெட்கமாக இருக்கிறது என்று மனைவியிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அது பாதி உண்மைதான். தேனியில் அவள் அம்மாவிடம் அப்படிக் கேட்டு அனுப்பியது யார் என்று அவள் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.