மூடியில் வைத்த அரக்கு

எழுபதுகளில் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் தற்காலிக ஸ்டோர் கீப்பராக இருந்தேன். வேலை நிரந்தரமாவது மேனேஜரின் ஒரு கையெழுத்தில் இருந்தது. என் கல்யாணப் பேச்சும் அந்தக் கையெழுத்துக்காகத்தான் காத்திருந்தது. மேனேஜர் கடலையே பார்க்காத ஊரிலிருந்து வந்தவர். கடற்காற்று எதையும் தின்றுவிடும் என்று பயம். ஆனாலும் பங்களாவின் உப்பு மணலில் ஸ்ரீவைகுண்டத்து வண்டலைக் கொட்டி, நாலு பாய் அகலத்துக்குப் புல் வளர்த்தார். அதை வெட்ட ஒரு டூ ஸ்ட்ரோக் மெஷினும் கப்பலில் வரவழைத்தார். அரிவாள் எடுத்தால் அரை மணி நேர வேலை.

ஒரு நாள் மெஷின் மக்கர் செய்தது. கயிற்றை இழுத்தால் கிளம்பும், கொஞ்ச நேரம் ஓடும், இருமி அணையும். பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து மூடினால் மறுபடி கொஞ்ச நேரம் ஓடும். ஞாயிற்றுக்கிழமை முதலாளி டீ குடிக்க வருகிறார், அதற்குள் சரியாகாவிட்டால் ஸ்டோருக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று மேனேஜர் என்னிடம் சொல்லிவிட்டார்.

மூடியைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. அதன் சின்னத் துளையில், தபால் உறைக்கு முத்திரை வைக்கும் ஆபீஸ் அரக்கு. பால் டின்னில் ஒற்றைத் துளை போட்டால் பால் இறங்காது, காற்றுக்கு இன்னொன்று வேண்டும். இங்கே காற்று போகும் வழிதான் அடைபட்டிருந்தது.

"உப்புக்காத்து உள்ளே போகக்கூடாதுன்னு நானே சீல் வச்சேன்" என்றார் மேனேஜர் பெருமையாக. "வேற எங்கே ஃபால்ட்னு பாருங்க."

ஆக, வேறெங்காவது பழுது இருந்தே தீரவேண்டும். லாரி டிரைவர் பிளக் என்றார். சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டாத தலைமைக் கணக்கர் ஆயில் கலவை சரியில்லை என்றார். பிளக்கை மாற்றினோம், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினோம். மெஷின் யாருக்கும் மசியவில்லை. கடைசியாக வந்த மெக்கானிக் மூடியைப் பார்த்தார், பிறகு என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஏலே, அந்த அரக்க நோண்டி எறி, ஓடும். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராத. இந்தக் கம்பெனி லாரிய நம்பித்தான் என் பொழப்பு ஓடுது."

என்னாலும் சொல்ல முடியவில்லை. எரிச்சல் மண்டைக்கு ஏறியது. ஞாயிறு காலை, மேனேஜர் சவரத்துக்குப் போன நேரத்தில், அரக்கின் நடுவே குண்டூசியால் ஒரு குத்து. மெஷின் புல் முழுவதையும் வெட்டி முடித்தது.

முதலாளி மெச்சினார். மேனேஜர் மூடியைக் காட்டினார். "எல்லாம் இந்த அரக்குதான் சார். இல்லாட்டி இந்த ஊர்க்காத்துக்கு இஞ்சின் என்னைக்கோ போயிருக்கும்."

மறுநாள் எனக்கு நிரந்தர உத்தரவு வந்தது. கூடவே இன்னொன்று: கம்பெனியின் சரக்குத் தோணிகளில் உள்ளே புகும் தண்ணீரை இறைக்கும் பெட்ரோல் பம்புகள் அத்தனைக்கும் மூடியில் அரக்கு வைக்க வேண்டும். கடலில் பம்பு நின்றால் தோணியோடு ஆட்களும் முழுகுவார்கள் என்று அவரிடம் யார் சொல்வது? அரக்கு வைத்தேன். வைத்த கையோடு குண்டூசியால் குத்தினேன். பல வருடம் இரண்டு வேலையும் பார்த்தேன். சம்பளம் அரக்கு வைத்ததற்கு மட்டும்தான்.