துருக்கிக்குப் பொட்டு

என் அப்பாவும் என் மாமியாரும் பதினோரு வருஷமாக ஒருவரோடொருவர் நேராக ஒரு வாக்கியம்கூடப் பேசிக்கொண்டதில்லை. சண்டையெல்லாம் இல்லை. மரியாதை கொஞ்சம் அதிகமாகிவிட்டது, அவ்வளவுதான்.

எங்களுடையது காதல் கல்யாணம். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் முப்பது வருஷத்துக்கு மேல் புடவைப் பிரிவில் நின்றவர்; அம்மா காலமானபின் எங்களோடுதான் இருக்கிறார். மாமியார் மயிலாப்பூர். தொலைபேசி நிலையத்தில் வெளிநாடுகளுக்கு டிரங்க் கால் போட்டுக் கொடுக்கும் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பாதி உலகத்தோடு பேசியவருக்குச் சம்பந்தியிடம் பேசுவதற்கு மட்டும் லைன் கிடைக்கவில்லை. கல்யாண மேடையில் அப்பா கைகூப்பி "வாங்க" என்றார். மாமியார் தலையை அசைத்தார். அதன்பிறகு எல்லாமே எங்கள் இருவர் வழியாகத்தான்.

"உன் மாமனார்ட்ட சொல்லுடி, காபி ஆறிடறதுன்னு."

இதை அப்பாவுக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டு, என் மனைவியைப் பார்த்துச் சொல்வார். மனைவி திரும்பி, "மாமா, காபி ஆறுதாம்" என்பாள். அப்பா என்னைப் பார்த்து, "குடிச்சுக்கிடுதேன்னு அத்தைட்ட சொல்லுடே" என்பார். நான் சொல்வேன். அதற்குள் காபி ஆறிவிடும்.

கொரோனா சீனாவில் இருக்கிறது என்று டிவியில் சொல்லத் தொடங்கிய நாட்களில் அப்பா எங்கள் அடையாறு வீட்டு ஹாலில் ஆசியா வரைபடம் ஒன்றை ஒட்டினார். பாண்டி பஜார் நடைபாதையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விற்பது. "எந்தப் பக்கமா வருதுன்னு பாக்கணும்லா" என்றார். வெள்ளைப் புடவையில் சிந்திய காபியைப் பார்க்கும் அதே பார்வையோடு தினமும் காலையில் அதன் முன்னால் நிற்பார். எந்த நாட்டில் நோய் வந்ததாகச் செய்தி வருகிறதோ அந்த நாட்டில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு. சிவப்புப் பொட்டு, என் மனைவியுடையது. சீனா, தாய்லாந்து, ஜப்பான், கொரியா. பிறகு கேரளாவில் ஒருவருக்கு என்றார்கள். அப்பா இந்தியாவுக்கு மட்டும் ஒரு நாள் முழுக்கப் பொட்டு வைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் வைத்தார். வைத்தபின் கை கழுவினார்.

மார்ச் மாதம் மாமியார் நான்கு நாள் தங்குவதற்கு வந்தார். அவர் வீட்டில் குளியலறைக்கு டைல்ஸ் மாற்றிக்கொண்டிருந்தார்கள். நான்கு நாளுக்கு நான்கு புடவை. மூன்றாம் நாள் ஊரடங்கு அறிவித்தார்கள். டைல்ஸ் போட வந்தவர்கள் ஊருக்குக் கிளம்பிப் போய்விட்டார்கள்.

எங்களுடையது இரண்டு படுக்கையறை வீடு. ஆளுக்கு ஆள் ஆறடி இடைவெளி வேண்டும் என்று டிவியில் சொன்னதும் அப்பா எழுந்துவிட்டார். "ஆறடின்னா ரெண்டு கஜம்." மூக்கு நுனியிலிருந்து நீட்டிய விரல் நுனி வரை ஒரு கஜம், டேப்பெல்லாம் அவருக்கு வேண்டாம். ஹால் முழுக்க மூக்கையும் கையையும் நீட்டி நீட்டி அளந்து, சாக்பீஸால் கோடு போட்டார். கடைசியில், சோபாவும் டிவியும் இருக்கும் வரை இந்த ஹாலில் மூன்று பேர்தான் நிற்க முடியும், நாலாவது ஆள் எந்நேரமும் குளியலறையில் இருந்தாக வேண்டும் என்று முடிவு சொன்னார்.

மாமியார் கோடுகளை மிதிக்காமல் நடந்து பழகினார். பத்தாம் நாள் காலையில்தான் அவர் குரல் மாறியது.

"ஏண்டி, என் அட்டைல பன்னெண்டு பொட்டு இருந்தது. இப்போ ஒன்பதுதான் இருக்கு."

என் மாமனார் காலமானபின்னும் யார் என்ன சொன்னாலும் பொட்டை விடாதவர் அவர். மெரூன் நிறம், மிளகு அளவு. அவர் வரைபடத்தின் பக்கமே திரும்பவில்லை. ஆனால் லாவோஸ், மியான்மர், சிரியா மூன்றிலும் மெரூன் பொட்டு பளபளவென்று இருந்தது.

அப்பா என்னைப் பார்த்துச் சொன்னார்: "நெத்திப்பொட்டுன்னு யோசிக்கலன்னு அத்தைட்ட சொல்லுடே. செவப்பு தீந்துபோச்சு. மூணு நாடு ஒண்ணுபோல வந்துட்டு, என்ன செய்ய?"

மாமியார் மகளைப் பார்த்தார். "இன்னும் எத்தனை நாடு பாக்கின்னு கேளு."

அப்பா எண்ணிச் சொன்னார். நான் சொன்னேன். அன்றைக்கு மாமியார் தன் அட்டையை அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

தினமும் பதினோரு மணிக்கு, வீடு வீடாகக் காய்ச்சல் விசாரிக்கும் பெண் ஒருத்தி வருவாள். பச்சை ஏப்ரன், முகக் கவசம், கையில் நெற்றிக்கு நேராக நீட்டும் கருவி. "இன்னாம்மா, வூட்ல யாருக்காச்சும் ஜுரம், இருமல் எதுனா கீதா?" என்று படியிலிருந்தே கத்துவாள். மூன்று மாதமாக நாங்கள் "இல்லை" என்று கத்தினோம். ஜூனில் ஒருநாள் என் மனைவி "இருக்கு" என்றாள். இரண்டு நாளில் நானும்.

பரிசோதனையில் எங்கள் இருவருக்கும் உண்டு, பெரியவர்கள் இருவருக்கும் இல்லை. லேசான காய்ச்சல்தான், வீட்டிலேயே ஒரு அறையில் தனியாக இருந்தால் போதும் என்றார் மருத்துவர். நாங்கள் இருவரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். கட்டிலில் விழுந்தபிறகுதான் மனைவி சொன்னாள்: "அய்யோ, வெளியில அவங்க ரெண்டு பேர் மட்டும் இருக்காங்க."

அரைமணியில் அவள் போன் அடித்தது. சமையலறையிலிருந்து மாமியார். "மாமாவைச் சாப்பிட வரச் சொல்லு." மனைவி என்னைப் பார்த்தாள். நான் அப்பாவுக்குப் போன் செய்தேன். அவர் போன் ஹாலில் அடிப்பது எங்களுக்குக் கதவு வழியாகவே கேட்டது. "வாரேன்னு சொல்லு" என்றார். நான் மனைவியிடம் சொன்னேன். அவள் அம்மாவுக்குப் போன் செய்தாள். சாம்பார் போதும், மோர் வேண்டும், மாத்திரை போட்டாச்சா, போட்டாச்சு. நூற்றியிரண்டு டிகிரி காய்ச்சலில் நாங்கள் இருவரும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சு நடத்தினோம். இரண்டாம் நாள் மத்தியானம் மனைவி இரண்டு போனையும் அணைத்துத் தலையணைக்கு அடியில் போட்டாள். "என்னமோ பண்ணிக்கட்டும்."

வெளியே நிசப்தம். மின்விசிறிச் சத்தம் மட்டும். மறுநாள் காலை ஏழு மணிவரை அப்படியே இருந்தது. பிறகு அப்பாவின் குரல், ஜவுளிக்கடையில் மாடிக்கும் கீழுக்கும் கத்திப் பழகிய குரல்:

"பால்!"

"பாத்துட்டேன்!" என்றார் மாமியார்.

நாங்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டோம். பதினோரு வருஷத்துக்குப் பிறகு நேருக்கு நேர் பேசிய முதல் வார்த்தை அது. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருக்கிறது. வாசனை எங்களுக்குத் தெரியவில்லை, துடைக்கும் சத்தம்தான் கேட்டது. அதற்கப்புறம் ஒரு செருமல். பிறகு மாமியார் கேட்டார்:

"துருக்கிக்கு ஏன் பொட்டு வெக்கலை?"

யாரைக் கேட்கிறார் என்று அப்பா சுற்றுமுற்றும் பார்த்திருக்க வேண்டும்.

"உங்களைத்தான் கேக்கறேன். மூணு மாசமா உறுத்திண்டே இருக்கு. இவாகிட்ட சொன்னா அந்த வேகத்தோட சொல்ல மாட்டா."

"அது ஐரோப்பால்லா, சம்பந்தியம்மா."

"யார் சொன்னா?"

"ஓரமா கெடக்கு. முந்தி இங்க, உடம்பு அங்க. அதை எந்தப் புடவையில சேக்க?"

"முந்திதான் அங்க இருக்கு. உடம்பு பூரா இங்க! நான் இஸ்தான்புல்லுக்கு எத்தனை லைன் போட்டிருக்கேன். ஒரே ஊர்தான், கடலுக்கு இந்தண்டை ஆசியா, அந்தண்டை ஐரோப்பா."

"அப்ப ரஷ்யாவுக்கு நான் வச்சது தப்புங்கிறீங்களா?"

"வெச்ச இடம் தப்பு. மாஸ்கோல வெக்கணும். நீங்க பனிக்கரடி மேல வெச்சிருக்கேள்."

"மாஸ்கோ இந்தப் படத்துலயே இல்ல!"

"அப்போ பெரிய படமா வாங்கியிருக்கணும்!"

மனைவி வாயில் போர்வையைத் திணித்துக்கொண்டாள். சிரித்தால் இருமல் வரும். அடுத்த மூன்று நாளும் எங்களுக்கு மருந்து அதுதான். இஸ்ரேல் ஆசியாவா, சைப்ரஸ் யாருடையது, துர்க்மெனிஸ்தானில் ஒருவருக்குக்கூட இல்லை என்கிறார்களே அதை நம்பலாமா. பதினோரு வருஷ பாக்கியும் சேர்ந்து வந்தது. கல்யாணத்தில் பந்தியில் பாயசம் குறைந்தது யாரால் என்பதுகூட ஜார்ஜியாவுக்கும் ஆர்மீனியாவுக்கும் நடுவில் வந்து போனது.

நான்காம் நாள் பதினோரு மணிக்கு அந்தப் பெண் படியேறும்போது விவாதம் உச்சத்தில் இருந்தது. மணியடித்தும் யாருக்கும் காதில் விழவில்லை. அவள் கதவைத் தட்டிக்கொண்டே சொன்னாள்:

"இன்னா சார், வயசான காலத்துல புருசன் பொண்டாட்டி இப்டியா கூவிக்கினு கீறது? கீழ் வூடு வரிக்கும் கேக்குது!"

"சம்பந்தி!" என்று இரண்டு குரலும் ஒன்றாகக் கத்தின.

"அட, சம்பந்தியா?" என்றாள் அவள். "அப்ப சரி, போடுங்க. ஜுரம் மட்டும் கீதா இல்லியான்னு சொல்லிட்டு போடுங்க."

போர்வை பலிக்கவில்லை. நாங்கள் சிரித்து இருமியதைக் கேட்டு அவள் பயந்துபோய், உள்ளே இருப்பவர்களுக்கு மூச்சுத்திணறல் என்று எழுதப் போய்விட்டாள். அவளைச் சமாதானப்படுத்த அப்பாவுக்குப் பத்து நிமிஷம் பிடித்தது.

அன்று மாலைவரை வெளியே பேச்சில்லை. அவ்வளவு கூச்சம். மரியாதை திரும்பி வந்துவிட்டது என்றே நினைத்தோம். ஆனால் ஆறு மணிக்குக் கதவை யாரோ தட்டினார்கள்.

"ரெண்டு பேரும் ஒரே மூச்சுல எண்ணிக் காட்டுங்கடே" என்றார் அப்பா. ஒரே மூச்சில் எத்தனை எண்ண முடிகிறது என்று பார்க்கச் சொல்லி டிவியில் யாரோ சொன்னதாம். நான் முப்பத்தொன்று வரை எண்ணினேன். மனைவி இருபத்தாறில் நிறுத்தினாள்.

"இருபத்தாறு" என்றார் அப்பா. "நேத்தைக்கு எவ்வளவு?"

"நேத்திக்கு எங்க எண்ணினோம்? ஆனா எனக்குத் தெரியறது" என்று மாமியாரின் குரல் கதவுக்கு மிக அருகில் கேட்டது. "முப்பது வருஷம் காதுல ஹெட்போன் மாட்டிண்டு உக்காந்தவ நான். லைனுக்கு அந்தக் கோடில யாருக்கு மூச்சு வாங்கறதுன்னு கேட்டாலே தெரியும். இவளுக்கு வாங்கலை. சோம்பல்."

"நெசமாவா?"

"நெஜமா."

அப்பா பெருமூச்சு விட்டது எங்களுக்குக் கேட்டது. தெருவில் ஆம்புலன்ஸ் போகும் சத்தம் அப்போதெல்லாம் எந்நேரமும் இருக்கும். அவர்கள் இருவரும் அது தேய்ந்து மறையும்வரை கதவுக்கு அந்தப்பக்கமே நின்றார்கள். பிறகு தினமும் ஆறு மணிக்கு வந்தார்கள். மனைவி நாற்பதைத் தொட்ட நாளில் வெளியே கைதட்டல் கேட்டது.

பதினேழாம் நாள் நாங்கள் வெளியே வந்தோம். துருக்கியின் மேல் மெரூன் பொட்டு ஒன்று இருந்தது. மாமியார் பூட்டி வைத்திருந்த அட்டையிலிருந்து அவரே எடுத்து வைத்ததாம். சாப்பாட்டு மேஜையில் இலை போட்டிருந்தார்கள். மாமியார் குழம்பு ஊற்றினார். முழுசு முழுசாகப் பூண்டு மிதந்தது. நான் மனைவியைப் பார்த்தேன். அவள் அம்மாவின் சமையலில் பூண்டு கிடையாது, எப்போதுமே கிடையாது. எங்கள் வீட்டில் பூண்டு உரிக்கும்போது பால்கனிக்குப் போய்விடுகிறவர்.

"காய்ச்சல்காரங்களுக்கு நல்லதுன்னு நாந்தான் சொன்னேன்" என்றார் அப்பா. "நான் உரிச்சேன். சம்பந்தியம்மா வதக்குனாங்க."

"மூக்கைப் பொத்திண்டு வதக்கினேன்" என்றார் மாமியார். "எப்படி இருக்கு? உள்ளதைச் சொல்லுங்கோ."

இருவரும் எங்கள் வாயையே பார்த்தார்கள். எங்கள் இருவருக்கும் நாக்கில் ருசியும் இல்லை, மூக்கில் வாசனையும் இல்லை. வெந்நீரில் கூழாங்கல் போட்டுச் சாப்பிடுவதுபோல் இருந்தது. "பிரமாதம்" என்றேன் நான். "அம்மா, இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றாள் மனைவி.

"பாத்தீங்களா?" என்றார் அப்பா.

"அதான் வாய் ருசி பாத்தாச்சே. இனிமே பண்ண மாட்டேன்" என்று மாமியார் கரண்டியை வைத்தார். சொன்னபடியே அதன்பிறகு ஒருநாளும் அவர் பூண்டைத் தொடவில்லை. அந்தக் குழம்பு எப்படி இருந்தது என்று அப்பாவைக் கேட்டால், "அதை நான் சம்பந்தியம்மாட்டயே சொல்லிட்டேன்" என்கிறார். எங்களிடம் சொல்வதில்லை.