கட்டிலுக்குத் தைத்தது

திரையை இழுக்கும்போது கம்பியில் வளையங்கள் உரசும் சத்தம் கேட்டால், பேசிக்கொண்டிருந்த பேச்சு இப்போதும் எனக்குப் பாதியில் நின்றுவிடுகிறது. பாலக்காட்டில் என் வீட்டில் மூன்று படுக்கையறை. ஆளுக்கொரு கதவு, கதவுக்கொரு தாழ்ப்பாள். அசந்து வந்து சாத்திக்கொள்கிறேன். தூக்கம் வெளியிலேயே நின்றுவிடுகிறது.

சக்குபள்ளத்து ஏலத்தோட்டத்தில் கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் எங்கள் வீடு ஒற்றை அறை, பின்னால் அடுக்களை. படுக்கையறை என்பது மேனேஜர் பங்களாவில் இருந்தது. அங்கே விரிப்பு மாற்ற எங்கள் லயத்திலிருந்துதான் ஆள் போகும். அண்ணனுக்குக் கல்யாணமானதும் இருந்த ஒரே கட்டிலை அவனுக்கும் மதினிக்கும் விட்டுவிட்டு, நானும் அம்மாவும் பாய்க்கு இறங்கினோம். மதினி கன்னியாஸ்திரீகள் மடத்தில் தையல் படித்தவள். ஓரமெல்லாம் ரோஜா போட்ட வெள்ளை விரிப்பொன்றைத் தன் கட்டிலுக்கென்று பெட்டியில் கொண்டுவந்திருந்தாள். அது கட்டிலில் விரிந்து நான் பார்த்ததேயில்லை. வந்த வாரமே மேல்விளிம்பில் வளையம் தைத்து, கம்பிக் கொடியில் கோத்து, கட்டிலுக்கும் எங்கள் பாய்க்கும் நடுவே தொங்கவிட்டாள். நல்ல பக்கம் எங்களுக்கு. முடிச்சுப் பக்கம் அவளுக்கு.

துணி மெல்லிசு. அந்தப் பக்கம் விளக்கெரிந்தால் இந்தப் பக்கம் நிழல் அசையும். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். இருமலை அடக்குவாள், அடக்கிய இருமல் இன்னும் பெரிதாய்க் கேட்கும். மழைக்கு வேலையில்லாத பகலில் மதினி ஊசியை எடுப்பாள். நிழல் விழுந்த இடமாகப் பார்த்துப் பூப் போடுவாள். நூல் நெருங்கினால் வெளிச்சம் கசியாது என்பது அவள் கணக்கு. பூவுக்குள் பூ, இலைமேல் இலை. லயத்துப் பெண்கள் தடவிப் பார்த்து, என்ன பொறுமை என்று வியந்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா மட்டும், "கட்டில் குளுருது, கொடிக்கு என்னத்துக்குடி போர்வை?" என்று கேலி செய்தாள்.

வருடங்கள் போயும் பிள்ளையில்லை. ஒருநாள் ஜெபம் முடிந்த கையோடு அம்மா சொல்லியேவிட்டாள்: "பூவாத்தான் போட்டுத் தள்ளுத. ஒரு காயக் காணோமே."

மதினி தலை நிமிரவில்லை. நூலைப் பல்லால் அறுத்துவிட்டு, "நீங்க இருமாத ராத்திரி எதுன்னு சொல்லுங்க அத்தை, பாப்போம்" என்றாள்.

அம்மா அன்று சாப்பிடவில்லை. யாரைக் குறை சொல்ல? நாளெல்லாம் மலையேறி இறங்கிய உடம்புகள், படுக்க இடம் ஒன்று.

கம்பம் ஊரில் ஒரு மர டிப்போவில் காவல் வேலையும், பின்னால் தனி அறையும் கிடைத்தபோது அண்ணன் கிளம்பினான். அம்மா தடுக்கவில்லை, தடுக்க நினைத்தது முகத்தில் தெரிந்தது. ஜீப் வந்து நின்றதும் விரிப்பை அம்மாவே கழற்றி மடித்து வந்து, இனியாவது கட்டிலில் போட்டுப் படு என்று நீட்டினாள். மதினி வாங்கினாள். ஒருமுறை தடவினாள். பிறகு, அப்போது ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் கையில் வைத்தாள்.

"அங்க கதவு இருக்கு, அத்தை. இது இவளுக்கு இருக்கட்டும். இவளும் பெரிய பிள்ளையாயிட்டால்லா."