விழாத நெட்டையன்

அந்தமானில், எங்கள் சௌல்தாரியில் மழை பிடித்துக்கொண்டால் தகரக் கூரை வேலைக்காரனுக்கு உட்கார்ந்திருப்பதுதான் வேலை. அப்படி உட்கார்ந்த ஒரு மதியம் அந்தப் படத்தைப் பார்த்துத் தொலைத்தோம். கூட்டாளியின் மகள் போனில் இறக்கி வைத்திருந்தாள்.

எங்கள் பழைய தொடரைத்தான் மறுபடி படமாக எடுத்திருந்தார்கள். மாயாபந்தரில் கான்ட்ராக்டர் ஷெட்டில் இளவட்டங்களாகக் கிடந்தபோது ஞாயிறு தவறாமல் பார்த்த ஹிந்தித் தொடர் அது. இரண்டு லாரி மெக்கானிக்குகள் வாரம் ஒரு திருடனைத் துரத்துவார்கள். நெட்டையன் தாவுவான், குட்டையன் திட்டுவான். எதை நோக்கித் தாவினாலும் நெட்டையன் சாணிக் குழியிலோ மீன் கூடையிலோதான் விழுவான். ஷெட்டே அதிரும். எட்டாம் வகுப்போடு ஊரை விட்ட எனக்குப் பாதி ஹிந்தி வந்தது குட்டையனின் வசவுகளிலிருந்துதான். என் கூட்டாளி தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரன், என்னைவிட ஒரு தலை உயரம். ஷெட்டில் எங்களுக்கும் அந்தப் பெயர்களே ஒட்டிக்கொண்டன.

புதுப் படத்தில் நெட்டையன் விழவே இல்லை. நரைத்த தாடியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒரு மாடியிலிருந்து இன்னொரு மாடிக்குக் காற்றில் மெதுவாகப் போகிறான், கொடியில் காயும் வேட்டி மாதிரி. குட்டையனுக்குத் திட்ட வாயே இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வழி சொல்கிறான். லாரியும் இல்லை, கிரீஸும் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூட்டாளிக்கோ முகமெல்லாம் பல்.

"பாத்தியால, இந்த வயசுலயும் என்ன பாய்ச்சல்!"

"கயித்துல கட்டித் தூக்குறாய்ங்கடா."

"மனசு வேணும்ல, மனசு."

நான் அவன் முட்டியைப் பார்த்தேன். சிப்பிகாட்டில் வேலை பார்த்தபோது ஒரு கொட்டகைக் கூரையிலிருந்து விழுந்து அவன் வலது முட்டி கெட்டுப்போயிருந்தது. இனி ஏணிப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவனுக்கு வந்த முதல் வேலை, மழை விட்டதும் தொடங்க வேண்டிய ஒரு பாக்குக் கொட்டகை. நான் மேலே, அவன் கீழே நின்று தகரம் வெட்டுவது என்று பேச்சு. அவன் மனைவி என்னைத்தான் காவல் போட்டிருந்தாள். "அண்ணே, அவரு ஏறுனா ஒங்களத்தான் கேப்பேன்."

படம் முடிந்ததும் பழைய தொடரைத் தேடிப் போட்டேன். அதுவும் சகிக்கவில்லை. எல்லா வாரமும் அதே சாணிக் குழி. ஜோக் வருவதற்கு முன்பே யாரோ சிரிக்கிறார்கள். இதற்கா உருண்டு புரண்டோம்? ஆனால் ஒரு காட்சியில், சுவரிலிருந்து விழுந்த நெட்டையன் அதற்கப்புறம் நொண்டிக்கொண்டே நடக்கிறான். அன்றைக்கு அதற்கும் சிரித்திருக்கிறோம். நிறுத்திக் காட்டினேன்.

"இது நடிப்பில்லடா. நெசமாவே அடிபட்டிருக்கு. பல்லக் கடிக்கிறான் பாரு."

"அரே, சோடு! விடுல. அடுத்த வாரமும் தாவத்தான செஞ்சான்?"

"அடுத்த வாரம் தூரத்துலருந்து காட்டுறாய்ங்க. அது வேற ஆளு."

போனைப் பிடுங்கி மறுபடி புதுப் படத்தின் பாய்ச்சலைப் போட்டுக்கொண்டான்.

மறுநாள் மழை விட்டது. பாக்குக் கொட்டகை முன்னால் வண்டியிலிருந்து தகரத்தை இறக்கிவிட்டு நான் திரும்புவதற்குள் அவன் உத்திரத்தில் நின்றான்.

"எறங்குடா, பாகல்! பைத்தியமாடா ஒனக்கு?"

"ஷீட்டக் குடுல."

குனிந்து கை நீட்டியவனுக்கு முட்டி பிடித்துக்கொண்டது. மடக்கவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. முகம் வெளுத்துவிட்டது.

"என்ன பாக்க? காத்து வாங்கிட்டு நிக்கேன்."

தெரிந்த வசவையெல்லாம் கொட்டிக்கொண்டே ஏறினேன். அவனை உட்காரவைத்து, அவன் காலை என் தோளில் தாங்கி, ஒவ்வொரு படியாக இறக்கினேன். தரைக்கு வந்த பிறகு வெகுநேரம் முட்டியைத் தேய்த்தபடி இருந்தான். அவன் மனைவிக்கு என்ன பதில் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவன் இடுப்பிலிருந்த ஆணிப் பையை அவிழ்த்து என் மடியில் போட்டான்.

"நீயே கட்டிக்க. எனக்கு இனி வேண்டாம்."

கட்டிக்கொண்டு ஏறினேன். கீழே கத்திரி ஓடும் சத்தம் கேட்டது. அவன் வெட்டித் தந்த முதல் தகரம் நாலு விரல் கட்டை.

"அளந்தியாடா?"

"அளந்தேன்ல. கொட்டகைய நீளமா கெட்டி வச்சிருக்கான், நான் என்ன செய்ய?"

தகரத்தைக் கீழே வீசிவிட்டு, அடுத்ததை வெட்டச் சொன்னேன்.