ஹாம்ஸ்டருக்கு ஏலத்தில் கிடைத்த விலை

ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பிலிருந்து உள்ளே திரும்பினால் வரும் மூன்றாவது குறுக்குத் தெருவில் குடியிருந்த சுவிசேஷமுத்து, இருபத்தேழு வருஷம் ஒரு வங்கியின் கடன் பிரிவில் வேலை பார்த்தவர். கோழிப்பண்ணை வைக்கிறேன், மாவு மில் வைக்கிறேன் என்று வருகிறவர்களின் திட்ட அறிக்கையை வாங்கிப் படித்து, அது ஏன் தேறாது என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்புவதுதான் வேலை. அதை அவர் மிக நன்றாகச் செய்தார். அவர் மறுத்த கடனில் ஒன்றுகூட வாராக்கடன் ஆனதில்லை என்பதைத் தம் சாதனையாகச் சொல்லிக்கொள்வார்.

2001இல் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. விருப்பம் வங்கிக்கு, ஓய்வு இவருக்கு. வீட்டுக்கு வந்த மறுநாளே சொந்தத் தொழில் தொடங்குவது என்று தீர்மானித்தார். ஒரே ஒரு சங்கடம்: மனு போடுகிறவரும் அவர், தள்ளுபடி செய்கிறவரும் அவர். காளான் வளர்ப்பைப் பற்றி நாற்பது பக்கம் எழுதி, நாற்பத்தோராவது பக்கத்தில் மறுத்தார். மண்புழு உரத்தை மறுத்தார். ஈமு கோழியை இரண்டு முறை மறுத்தார். எரிச்சலான விஷயம், ஒவ்வொரு முறையும் அவர் சொன்னதுதான் சரியாக இருந்தது. காளான் போட்ட பொழிச்சலூர்க்காரர் கடைசியில் வீட்டையே விற்றார். எதிலும் நஷ்டப்படாமல், எதையும் செய்யாமல், சுவிசேஷமுத்து ஆறு வருஷத்தைக் கழித்தார்.

இத்தனை மறுப்பும் நடந்த இடம் வீட்டின் பின்னறை. அங்கே ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஓர் இரும்பு அலமாரி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்த அவர் மனைவி ரத்தினபாய், மாலையில் ஹாலில் டியூஷன் எடுப்பார். இருபது பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கும் அந்த நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்தால்தான், தாம் இன்னும் ஓர் அதிகாரி என்ற எண்ணம் அவருக்கு உடம்பில் ஒட்டியிருக்கும். அறை போனால் வாசல் கேட் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலிதான். அந்தத் தெருவில் ஓய்வு பெற்ற ஆண்கள் பலர் ஏற்கெனவே அப்படி உட்கார்ந்து, போகிற தண்ணீர் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கடக்கும்போது சுவிசேஷமுத்து சற்று வேகமாக நடப்பார்.

2007 ஜூலையில் ஒருநாள், விடைத்தாள் திருத்திக்கொண்டே ரத்தினபாய் சொன்னார்: "கிறிஸ்துமஸ் வரைக்கும் பாக்கறேங்க. அதுக்குள்ள அந்த ரூம்ல ஒரு தொழில் நடக்கணும். இல்லைன்னா வாடகைக்கு விட்டுடலாம். எக்ஸ்போர்ட் கம்பெனிப் பொண்ணுங்க இடம் கேட்டு அலையுதுங்க."

குரலை உயர்த்தவில்லை. கணக்கு டீச்சர்கள் உயர்த்துவதில்லை.

அடுத்த வாரம் மேற்குத் தாம்பரத்தில் மழைக்கு ஒதுங்கியவர், ஒதுங்கிய இடம் ஷாகுலின் வண்ணமீன் கடை என்பதைச் சற்றுப் பொறுத்துத்தான் கவனித்தார். மீன் தொட்டிகளுக்கு நடுவே ஒரு கண்ணாடிப் பெட்டியில், கட்டைவிரல் நீளத்தில், வாலே இல்லை என்று சொல்லும்படி நாலைந்து உயிர்கள் மரத்தூளுக்குள் குடைந்துகொண்டிருந்தன. குள்ள ஹாம்ஸ்டர் என்றார் ஷாகுல். போட்ட தானியத்தைத் தின்னாமல் இரண்டு கன்னத்திலும் அடைத்துக்கொண்டு ஒன்று மூலைக்கு ஓடியது. இருபத்தேழு வருஷத்தில் எந்த வாடிக்கையாளரிடமும் பார்க்காத சேமிப்புப் பழக்கத்தைச் சுவிசேஷமுத்து அதனிடம் பார்த்தார். மனம் இளகிவிட்டது.

இவை கல்கத்தாவிலிருந்து ரயிலில் வருகின்றன, வருவதற்குள் பாதி செத்துப்போகின்றன, பக்கத்தில் யாராவது வளர்த்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்வேன் என்று ஷாகுல் பேச்சுவாக்கில் சொன்னார். அதற்குப் பிறகு வந்த கேள்விகளை அவர் எதிர்பார்க்கவில்லை. ஆயுட்காலம் எவ்வளவு, ஈற்றுக்கு எத்தனை, நோய் என்ன, தேவை எந்த மாதம் கூடும் என்று முப்பத்தெட்டுக் கேள்விகள். மழை விட்ட பிறகும் கேள்வி விடவில்லை.

"சார், நீங்க கேட்டு முடிக்கறதுக்குள்ள இது ரெண்டு தபா குட்டி போட்டுடும்" என்று சொல்லி, ஒரு ஜோடியைப் பெட்டியில் போட்டுக் கையில் கொடுத்து அனுப்பினார் ஷாகுல்.

பின்னறையில் புதுக் கோப்பு திறக்கப்பட்டது. பொருள்: குள்ள ஹாம்ஸ்டர் இனப்பெருக்கம், வீட்டளவில், சாத்தியக்கூறு. ரத்தினபாய் அதை எலி என்றார். இது எலி இல்லை, ஹாம்ஸ்டர் என்று திருத்தினார் சுவிசேஷமுத்து.

"பூனை என்னன்னு சொல்லுதோ அதையே வச்சுக்கலாம்" என்றார் ரத்தினபாய். ஆனாலும் மூன்றாவது வாரம் பெண் ஹாம்ஸ்டர் ஏழு குட்டி போட்டபோது, பால் கொடுக்கிறவளுக்குத் தெம்பு வேண்டும் என்று முட்டை அவித்து, மஞ்சள் கருவை நசுக்கி, கணவருக்குத் தெரியாமல் பெட்டிக்குள் வைத்தவரும் அவரேதான்.

ஏழும் பிழைத்தன. ஷாகுல் நேரில் வந்து பார்த்தார். ஜோடிக்கு எண்பது ரூபாய் தரலாம், மாசத்துக்கு நாலு ஜோடி போகும், பெரிய லீவில் ஆறு என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். சுவிசேஷமுத்து கணக்குப் போட்டார். தானியத்துக்கும் மரத்தூளுக்குமே அது போதாது. வங்கியில் இப்படி ஒரு மனு வந்திருந்தால் டீ ஆறுவதற்குள் மறுத்திருப்பார். பேனாவைத் திறந்தும்விட்டார். ஆனால் இந்த முறை மறுத்தால் கூடவே அறையும் போகும். வாழ்க்கையில் முதன்முறையாக, ஒரு மனுதாரராக இருப்பது எப்படி என்று அவருக்குத் தெரிந்தது. பேனாவை மூடினார். ஒரே ஒரு விலைப்புள்ளியை வைத்து முடிவெடுப்பது முறையல்ல, குறைந்தது இரண்டு வேண்டும் என்ற விதி சரியான நேரத்தில் அவர் நினைவுக்கு வந்தது.

இரண்டாவது விலைப்புள்ளியை அவர் தேடிப் போன இடம்தான் விசேஷம்.

சுவிசேஷமுத்து தம் சபையின் செயலர். அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே அறுப்பின் பண்டிகை. அன்று ஒவ்வொரு குடும்பமும் முதற்பலன் என்று எதையாவது கொண்டுவரும்: தேங்காய், வாழைத்தார், சேவல், கேக், ஊறுகாய் பாட்டில். ஆராதனை முடிந்ததும் சாமியானாவுக்குக் கீழே எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். ஒரு முட்டை இருநூறு ரூபாய்க்குப் போகும். எடுத்தவர் அதைத் திரும்ப சபைக்கே கொடுப்பார். அது மறுபடி ஏலம் போய் முந்நூறாகும். முட்டையைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை. கர்த்தருக்குக் கொடுத்த மாதிரியும் ஆயிற்று, எதிர் வரிசையில் இருப்பவரை மட்டம் தட்டிய மாதிரியும் ஆயிற்று. சுவிசேஷமுத்துவே போன வருஷம் ஒரு புடலங்காயை முந்நூற்றைம்பதுக்கு எடுத்தவர். அவருக்குப் புடலங்காய் ஆகாது.

தம் வீட்டு முதற்பலனாக இரண்டு ஜோடி ஹாம்ஸ்டர்களை, ஜோடிக்கு ஒரு கூண்டாக, ரிப்பன் கட்டிக் கொண்டுபோனார். மைக் பிடித்திருந்த பாடகர் குழு ஜோஸ்வின் கூண்டைத் தூக்கிப் பார்த்தார். அது என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் ஏலக்காரனுக்கு அது அவசியமும் இல்லை.

"அடுத்து செயலர் ஐயா வீட்டு முதற்பலன். ஃபாரின் ஐட்டம். கடிக்குமான்னு கேக்காதீங்க, எடுத்தவங்கதான் சொல்லணும்."

நர்சிங் சூப்பரின்டெண்டாக இருந்து ஓய்வு பெற்ற ஞானசௌந்தரி நூறு என்றார். கான்ட்ராக்டர் அருமைநாயகம் உடனே இருநூறு என்றார். கோவிலுக்குப் புதிதாக வாங்கிய கீபோர்டை வலப்பக்கம் வைப்பதா இடப்பக்கம் வைப்பதா என்பதில் இருவருக்கும் ஈஸ்டரிலிருந்து பேச்சு இல்லை. அன்று அவர்கள் ஏற்கெனவே ஒரு பலாப்பழத்துக்கும் பிளம் கேக்குக்கும் மோதியிருந்தார்கள். முதல் ஜோடி ஆயிரத்து எண்ணூறுக்கு ஞானசௌந்தரிக்குப் போயிற்று. தோற்ற அருமைநாயகம் இரண்டாவது ஜோடியை இரண்டாயிரத்து முந்நூறுக்கு எடுத்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

இருபத்தேழு வருஷம் எந்தத் தாளில் இருந்த எந்த எண்ணையும் நம்பாத மனிதர், அந்த இரண்டு எண்களை நம்பினார். வீட்டுக்கு வந்து, கோட்டைக் கழற்றாமலே கோப்பைத் திறந்து, தம் கையால் ஒருபோதும் எழுதியிராத வார்த்தையை எழுதினார்: அனுமதிக்கலாம்.

காபி கொண்டுவந்த ரத்தினபாய் அதைப் படித்தார்.

"அது கர்த்தருக்குக் குடுத்த விலைங்க. எலிக்குக் குடுத்ததில்ல."

"விலை விலைதான். குடுத்தவன் மனசுல என்ன இருந்துதுன்னு பேங்க்ல கேக்க மாட்டோம்."

"அப்ப உங்க புடலங்காய்?"

அது வேறு என்றார் சுவிசேஷமுத்து. காபியை வாங்கிக்கொண்டு கோப்பை மூடினார்.

மறுநாள் ஷாகுலிடம் போய், பத்து ஜோடி வேண்டும் என்று ஆர்டர் கொடுத்து, காரணத்தையும் விளக்கினார். ஷாகுல் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டே முழுவதையும் கேட்டார்.

"எங்க பள்ளிவாசல்லயும் ஏலம் உண்டு சார். போன வாரம் ஒரு எலுமிச்சம்பழத்த ஐந்நூறுக்கு எடுத்தேன். அதுக்காக எலுமிச்சந்தோட்டமா வச்சேன்?"

வாங்குகிறவன் விலையைக் குறைத்துத்தான் பேசுவான் என்று சுவிசேஷமுத்து புன்னகைத்துக்கொண்டார். தீபாவளி கழித்துத்தான் கல்கத்தா பார்சல் வரும் என்றார் ஷாகுல். அந்த இடைவெளியில் அலமாரிக்குப் பக்கத்தில் இரும்புத் தட்டு அடித்து, இருபது பிளாஸ்டிக் டப்பாவுக்கு ஓட்டை போட்டு, எண் ஒட்டியாயிற்று. ஹாலில் வாய்ப்பாடு ஒப்பித்த பிள்ளைகள், சுத்தியல் சத்தத்துக்கு ஏற்றபடி ஒப்பிக்கப் பழகிக்கொண்டார்கள்.

தீபாவளி முடிந்த செவ்வாய்க்கிழமை ஞானசௌந்தரி ஆட்டோவில் வந்து இறங்கினார். மடியில் கூண்டு. கூண்டில் ஜோடியோடு ஐந்து குட்டிகள். வீட்டு வேலைக்கு வரும் கன்னியம்மா, எலி இருக்கிற வீட்டுக்குள் கால் வைக்க மாட்டேன் என்று நாலு நாளாக வாசலோடு திரும்பிப் போகிறாளாம். ஏலத்தில் எடுத்ததைப் பண்டிகை முடிந்த பிறகு திருப்பித் தருவது வழக்கமில்லை என்பது அந்த அம்மாளுக்கும் தெரியும்.

"திருப்பித் தரலை பிரதர். சபைக்குக் காணிக்கையாக் குடுக்கறேன். நீங்கதானே செயலர், ரசீது போடுங்க."

மறுநாள் அருமைநாயகத்தின் டிரைவர் வந்தார். ஞானசௌந்தரி அம்மா காணிக்கை கொடுத்த விஷயம் முதலாளி காதுக்கு எட்டிவிட்டது, அவர் பின்வாங்க விரும்பவில்லை என்று சொல்லி இரண்டாவது கூண்டை இறக்கினார். அதில் ஆறு குட்டிகள்.

ரசீது போட்டபோதுதான் சபையின் விதி சுவிசேஷமுத்துவின் முகத்தில் அறைந்தது. பண்டிகை அல்லாத நாளில் வரும் காணிக்கைப் பொருளை இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, அடுத்த பண்டிகை ஏலம் வரை செயலர் தம் பாதுகாப்பில் வைத்திருக்க வேண்டும். தனியாருக்கு விற்கக் கூடாது. முன்பு ஒரு காணிக்கை ஆட்டை யாரோ மைத்துனருக்கு மலிவாகத் தள்ளிவிட்டதால், பத்து வருஷத்துக்கு முன் இவரே கமா, முற்றுப்புள்ளி பார்த்து எழுதிய விதி. குட்டிகளின் நிலை என்ன என்று சபையின் ஆயரிடம் கேட்டார். ஆயர் சிரிக்காமல் பதில் சொன்னார்: கர்த்தருடைய ஆட்டின் குட்டி கர்த்தருடையதுதானே.

இரண்டாயிரத்து முந்நூறு ரூபாய்ச் சரக்கை, வாங்கியவர்களே மூன்று வாரம் முடிவதற்குள் வெளியே தள்ளிவிட்டால் போதும் என்று கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். கணக்குப் பார்க்கத் தெரிந்தவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. கூனிக் குறுகிக்கொண்டு ஷாகுலுக்கு போன் செய்து, ஆர்டரை ரத்து செய்ய முடியுமா என்று கேட்டார்.

"நான் கல்கத்தாவுக்குச் சொல்லவே இல்ல சார்" என்றார் ஷாகுல். "நீங்களே வேணாம்னு சொல்வீங்கன்னு தெரியும்."

அவமானம் இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள், அடித்துத் திருத்துவதற்காகக் கோப்பைத் திறந்தபோது வேறொன்று புலப்பட்டது. தொழில் தொடங்க வேண்டிய அவசியமே இல்லை. பின்னறையில் இருப்பது சபைச் சொத்து. பதிவேட்டில் ஏறியது. அடுத்த அக்டோபர் வரை அதை அசைக்கக் கூடாது. அப்படிப்பட்ட அறையை வாடகைக்கு விட முடியுமா? 'அனுமதிக்கலாம்' என்பதை அவர் அடிக்கவில்லை. கீழே 'பரிசீலனையில்' என்று மட்டும் சேர்த்தார். ஆணையும் பெண்ணையும் பிரித்து வைத்தார். பிரித்ததில் இரண்டு முறை தவறு நேர்ந்ததால், டிசம்பரில் கர்த்தருடைய சொத்து முப்பத்து நான்கு உருப்படியாக இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு, ரத்தினபாய் ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு வந்தார். எப்சி, ஊர் நாசரேத், எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை. சுவிசேஷமுத்து பின்னறை வாசலில் பதிவேட்டுடன் தயாராக நின்றார். விதியை வாசித்துக் காட்டினார். முப்பத்து நாலையும் டப்பா வாரியாகக் காட்டினார். ரத்தினபாய் குறுக்கே பேசாமல், பையன் கரும்பலகையில் கணக்கு முடிக்கும்வரை நிற்பது மாதிரி நின்றார்.

"கர்த்தருடைய சொத்த வெளிய போடுன்னு நான் சொல்லல" என்றார். "நீங்க சொல்றது சரிதான். அதைப் பாத்துக்க ஓர் ஆள் அங்கேயே இருக்கணும். எப்சி என்கூட முன் ரூம்ல படுத்துக்கட்டும். உங்க கட்டில இங்க போட்டுடலாம்."

இதில் எந்த இடத்தில் பிழை என்று சுவிசேஷமுத்து தேடினார். வாதம் முழுக்க அவருடையது. பிழை இருந்தால் அவருடையதாகத்தான் இருக்க வேண்டும்.

உங்கள் கட்டிலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் அங்கிள், எனக்கு ஒரு மடக்குக் கட்டில் போதும் என்று எப்சி நல்லபிள்ளையாகச் சொன்னாள். பிறகு மூன்று பேருமாகச் சேர்ந்து அவருடைய கட்டிலைப் பின்னறைக்குள் தள்ளினார்கள். கட்டில் பாதிக்குமேல் போகவில்லை. ஒரு பக்கம் இரும்புத் தட்டும் டப்பாக்களும், எதிர்ப்பக்கம் மேசை. சபைச் சொத்தை நகர்த்தக் கூடாது என்று சற்று முன்பு வாசித்துக் காட்டியவர் அவரேதான். ரத்தினபாய் கட்டிலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, அவசரப்படாமல், அவர் சொல்வதற்காகக் காத்திருந்தார்.

மேசை ஹாலுக்குப் போயிற்று. திங்கட்கிழமை மாலையே ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேர் அதைச் சுற்றி உட்கார்ந்து, பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கத் தொடங்கினார்கள்.