வெளிச்சத்துக்காகக் கழற்றிய கூரை

என் அக்காள் நீலாம்பாளின் புருஷன் தாணுமாலையனுக்கு ஐம்பத்தெட்டு வயது. இத்தனை வருஷத்தில் தனக்கு ஒரு குறை என்று அவர் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. வெள்ளத்தின்போது முழங்கால் வரை ஆற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் நின்றது. போனில் விசாரித்தவர்களிடம், கட்டில் மேல் சம்மணம் போட்டுக்கொண்டு, "நம்ம வீட்டுல சொட்டுத் தண்ணி வரலை" என்றார். நிலமெல்லாம் அவர் அப்பா காலத்திலேயே கைமாறிவிட்டது. பவிசு மட்டும் போகவில்லை.

கல்லிடைக்குறிச்சியில் அந்த வீட்டு அடுப்பு எரிவது அக்காளின் அப்பளத்தால். கொல்லையில் தகர ஷீட் போட்ட கொட்டகை. நாலு பெண்கள் உட்கார்ந்து அப்பளம் இடுவது அங்கேதான். சித்திரையில் அடித்த சூறைக்காற்று பன்னிரண்டு ஷீட்டில் ஐந்தைக் கொண்டுபோய்விட்டது. வேலை நின்றது. நல்ல வேளை, வங்கிக் கடன் வாங்கும்போதே கொட்டகைக்கு இன்சூரன்ஸ் எடுத்திருந்தார்கள். கொட்டகை அத்தான் பெயரில் இருந்ததால் அதுவும் அவர் பெயரில்தான்.

ஷீட் வேலை செய்யும் பீர் மைதீனை அக்காள் வரவழைத்தாள். அவர் மேலே ஏறி, பிய்ந்த போல்ட்டையும் வளைந்த கம்பியையும் போட்டோ எடுத்து, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். போகும்போது அத்தானிடம், "அண்ணாச்சி, சர்வேயர் வந்தா காத்துல போச்சுன்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் பேசாதீய" என்றார்.

"எனக்குத் தெரியாதாவே?" என்றார் அத்தான்.

பாளையங்கோட்டையிலிருந்து சேதம் பார்க்க வந்த இன்சூரன்ஸ் சர்வேயர் குற்றாலலிங்கம் தங்கமான மனுஷர். காப்பி குடித்தபடி பேசியதில், அக்காள் மகள் சித்ரலேகாவுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரர் என்று தெரிந்தது. அவ்வளவுதான். அத்தான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பவிசு கிளம்பிவிட்டது என்று பக்கத்தில் இருந்த எனக்குத் தெரிந்துவிட்டது.

"சேதம் ரொம்பவோ?" என்று கேட்டார் சர்வேயர்.

"சேச்சே! ரெண்டு ஷீட் லேசா அசைஞ்சிருக்கும். அதைப் போய் என்னத்தப் பார்த்துக்கிட்டு? இலை போடச் சொல்லுதேன், சாப்பிடுங்க."

அக்காள் பரிமாறினாள். சாப்பிட்டு எழுந்தவரை, "கை கழுவ இங்கன வாங்க அண்ணாச்சி" என்று நேரே கொட்டகைக்குள் கூட்டிப் போனாள். அண்ணாந்தால் ஆகாயம்.

கையைத் துடைத்துக்கொண்டு அவர் பீர் மைதீனின் தாளைப் படித்தார். "காத்துல போனதுதானே? அப்படியே எழுதிருதேன்" என்று அத்தானைப் பார்த்தார். ஒரு 'ஆமா' போதும்.

அத்தான் சிரித்தார். "காத்தா? நம்ம ஷீட்டைக் காத்து அசைக்குமா? உள்ள இருட்டா இருக்குன்னு பொம்பளையாளுக சொன்னாவ. வெளிச்சத்துக்காக நாமளே கழட்டிப் போட்டோம்."

"காத்துல போச்சுன்னு மனுவுல நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீய?"

"வீட்டுல எதையோ எழுதி நீட்டினாவ, போட்டேன்."

மூன்று தடவை கேட்டார், பாவம். மூன்று தடவையும் அதே பதில். அத்தான் சொன்னதைச் சர்வேயர் அப்படியே எழுதி நீட்டினார். அத்தான் சுழித்துச் சுழித்துக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையை முறிக்க வேண்டும் போல இருந்தது எனக்கு. அக்காள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பணம் கிடையாது என்று கடிதம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் கூரையைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஜாதகம் பொருந்தவில்லை என்று முடித்துக்கொண்டார்கள்.

கடிதம் வந்த மறுநாள் காலையில் உளுந்து மாவும் பலகைகளும் நாலு பெண்களும் முன்கூடத்துக்கு வந்துவிட்டார்கள். அங்கே தெருவைப் பார்த்துக் கிடந்த அத்தானின் சாய்வு நாற்காலியை அக்காள் தானே தூக்கிக் கொண்டுபோய்க் கொட்டகையில் போட்டாள்.

"வெளிச்சம் வேணும்னு சொன்னீயள்லா? அங்கன போய் உக்காருங்க."

நேற்று போயிருந்தேன். நல்ல தூறல். அத்தான் கொட்டகையில், அதே நாற்காலியில், ஒரு கையில் குடையும் மறு கையில் போனுமாக உட்கார்ந்திருந்தார்.

"மழையா? இங்கன ஒண்ணும் இல்லவே" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.